நாலாவது ராஜா

இந்த வருஷம் காலிஃபிளவர் கிடையாது. உயிரே போனாலும் கிடையாது.

இப்படியொரு வீர முடிவை பால்தோமேரோ எடுத்தது காரின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டுதான். தங்கள் ஊரான புர்கோஸை விட்டு சோரியா மலைப்பக்கம் ஏறிக்கொண்டிருந்தார்கள். முடிவை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. பக்கத்து சீட்டில் மனைவி காசில்தா உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் இருக்கும்போது அவர் எடுக்கும் வீர முடிவுகள் எல்லாமே மனசுக்குள் எடுக்கப்படுபவைதான்.

விஷயம் இதுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விருந்து கல்யாணமான வருஷத்திலிருந்து அராந்தாவில் மாமியார் வீட்டில்தான் நடக்கிறது. மாமியார் எவ்லாலியா அம்மாள் அன்றைக்கு உப்புக் கருவாட்டோடு காலிஃபிளவரை வேகவைப்பார். மத்தியானமே அடுப்பில் ஏற்றிவிடுவார். தெருமுனையில் காரை நிறுத்தும்போதே வாசனை வந்து கையைப் பிடித்து அழைத்துப்போகும். பால்தோமேரோவின் கனவோ வேறு. சொந்த வீடு, சொந்த அடுப்பு, தன் கையால் வாட்டிய பால்குடி மாறாத ஆட்டுக்குட்டி, மேஜையின் தலைப்பக்கத்தில் அவர். கேட்டால் சின்னக் கனவுதான். ஆனால் ஒவ்வொரு வருஷமும் பேச்சை எடுப்பார், ஒவ்வொரு வருஷமும் காலிஃபிளவர் சாப்பிடுவார்.

"வளைவு வருது. மூணாவது கியர்ல போங்க," என்றாள் காசில்தா.

"காசில்தா, நான் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார்."

"அதான் சொல்றேன். பக்கத்து சீட்டுலயே உட்கார்ந்து பழகினவருக்கு இந்தப் பக்கம் எப்படி ஓட்ட வரும்?"

மூணாவது கியருக்கு மாற்றினார். மாற்றிக்கொண்டே உள்ளுக்குள் சிரித்தார். ஆடட்டும், இன்னும் ஒரு நாள்தானே!

திட்டம் அப்படி. நவம்பர் முதல் தேதி சகல புனிதர் திருநாளுக்கு வந்த தொடர் விடுமுறையில், வால்தெலோபார் என்ற குட்டிக் கிராமத்தில் ஒரு விருந்தினர் வீட்டை எடுத்திருந்தார். மனைவியிடம், "பாவம், நீயும் ஓய்வா இருக்க வேணாமா?" என்று தேன் ஒழுகச் சொன்னார். உண்மையான காரணம் அந்த வீட்டுக்காரர் எலாதியோ. அந்த மலைப்பக்கத்திலேயே மூஸ் என்னும் சீட்டாட்டத்தில் அவரை அடிக்க ஆளில்லை என்று கேள்வி. பால்தோமேரோவும் லேசுப்பட்டவரில்லை. அவர் வீட்டுக்குக் கீழே உள்ள மதுக்கடையில், அவர் வந்து உட்கார்ந்தால் பாதிப் பேருக்கு வீட்டில் வேலை ஞாபகம் வந்துவிடும். இப்படி இரண்டு சிங்கங்கள் ஒரு பக்கம், சீட்டே பிடிக்கத் தெரியாத காசில்தா எதிர்ப் பக்கம், பந்தயம் கிறிஸ்துமஸ் விருந்து. இதைவிட நேர்மையான சூது உலகத்தில் உண்டா?

விருந்தினர் வீட்டின் வாசலில் எலாதியோவின் மனைவி ஓனோரினா நின்றிருந்தாள். வரவேற்பு ஒரே வாக்கியம்தான்.

"காலைத் துடைச்சுட்டு வா தம்பி. ரெண்டு காலையும்."

பின்னாலிருந்து எலாதியோ எட்டிப் பார்த்துப் புன்னகைத்தார். காலைத் துடைத்து உள்ளே போய்ப் பழகின மனிதரின் புன்னகை அது. பால்தோமேரோவுக்கு அவரைப் பார்த்ததுமே கூடப்பிறந்தவர் போலத் தோன்றிவிட்டது.

மறுநாள் காளான் பொறுக்கக் காட்டுக்குப் போவதாக ஏற்பாடு. விடியும்போதே மழை. கல் கூரையையே பொத்துவிடுகிற மாதிரி மழை. மாட்ரிட்டிலிருந்து வர இருந்த இன்னொரு ஜோடி வரவில்லை என்று சொல்லிவிட்டது. மத்தியானம் நாலு பேரும் கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்து மொச்சையும் பன்றித் தொத்திறைச்சியும் சாப்பிட்டார்கள். அப்புறம் காப்பி. அப்புறம் சின்னச் சின்னக் கிளாஸில் எலாதியோ வீட்டிலேயே காய்ச்சிய சாராயம். சாப்பிட்ட மேஜையை விட்டு யாரும் எழுந்திருக்காத அந்தப் பொன்னான நேரத்தில் பால்தோமேரோ தொண்டையைக் கனைத்தார்.

"எலாதியோ அண்ணே, ஒரு கை மூஸ் போடலாமா?"

"சாப்பிட்டு முடிச்சு எவ்வளவு நேரமாச்சு! நீ ஏன் இன்னும் கேக்கலன்னு பார்த்துட்டே இருக்கேன்."

"ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம்."

"எனக்கு எங்க ஆடத் தெரியும்?" என்றாள் காசில்தா. "எங்கப்பா ஆடறப்ப பக்கத்துல உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கேன். அவ்வளவுதான்."

"நான் சொல்லித்தர்றேன் கண்ணு," என்றார் பால்தோமேரோ. கடைசியாக அவர் அவளைக் கண்ணு என்று அழைத்தது எப்போது என்று அவருக்கே நினைவில்லை. "ஆளுக்கு நாலு சீட்டு. பிடிக்காததைக் கவுத்துப்போட்டு வேற வாங்கிக்கலாம். ராஜாதான் பெரிசு. எதிர்ல இருக்கிறவ உன் கூட்டாளி. அவளுக்குச் சைகை காட்டலாம். கையில ராஜாங்க இருந்தா உதட்டைக் கடி. ஏஸ் இருந்தா நாக்கு நுனியை நீட்டு. ஒண்ணுமே இல்லன்னா கண்ணை மூடு."

"எதிராளிங்க பார்த்துட்டா?"

"பார்க்காதப்ப காட்டணும். அதுலதான் இருக்கு சூட்சுமம்."

"அப்ப பொய்யா காட்டினா என்ன? ராஜா இல்லாமலே உதட்டைக் கடிச்சா?"

எலாதியோ மார்பில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். ஓனோரினா கிளாஸைக் கீழே வைத்தாள்.

"காசில்தா!" பால்தோமேரோவுக்குக் குரலே நடுங்கியது. "ஆட்டத்துல பயமுறுத்தலாம். ஒண்ணுமில்லாம ஆயிரம் ராஜா இருக்கிற மாதிரி பந்தயம் கட்டலாம். ஆனா பொய்ச் சைகை? சேச்சே! மனுஷங்க ஆடற ஆட்டம் இது!"

"சரி சரி, தெரியாமக் கேட்டுட்டேன். கோவிச்சுக்காதீங்க."

"பந்தயம் என்ன?" என்று கேட்டாள் ஓனோரினா. பந்தயம் இல்லாமல் அவள் தொட்ட சீட்டு இதுவரை கிடையாது.

பால்தோமேரோ கூரையைப் பார்த்தார். இப்போதுதான் யோசனை வந்ததுபோல ஒரு முகத்தை வைத்துக்கொண்டார். "சும்மா ஒரு இதுக்கு... நாங்க ஜெயிச்சா கிறிஸ்துமஸ் விருந்து இந்த வருஷம் எங்க வீட்டுல. அவங்க ஜெயிச்சா வழக்கம்போல மாமியார் வீட்டுல."

காசில்தாவின் முகம் வாடியது. "அம்மா வீட்டு விருந்தை வெச்சா சூதாடறது? மனசுக்கு ஒரு மாதிரி இருக்குங்க."

"பயமா இருந்தா வேணாம்," என்றார். அந்த வார்த்தை அவருக்குச் சாராயத்தைவிட இனித்தது.

"பயமெல்லாம் இல்ல. அப்படியே நம்ம வீட்டுல வெச்சாலும் அம்மாவைக் கூப்பிடாம எப்படி? அவங்களையும் கூப்பிடுவீங்கல்ல?"

"ஜெயிச்சா நானே போன் பண்ணிக் கூப்பிடறேன்! என் வாயால! போதுமா?"

"அப்ப சரி," என்று பெருமூச்சு விட்டாள் காசில்தா.

மூன்று ஆட்டத்தில் இரண்டை எடுத்தவர் வெற்றி. கணக்கு வைக்கக் கொண்டைக்கடலை ஒரு கிண்ணம் நடுவில் வந்தது. காசில்தா சீட்டுக் கலைத்த அழகே தனி. பாதி மடியில் விழுந்தது, ஒன்று பூனையின் மேல் விழுந்தது. பால்தோமேரோ குனிந்து பொறுக்கிக் கொடுத்தார். தோற்கப்போகிறவளுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

முதல் ஆட்டம் கொஞ்சம் இடறியது. காரணம் ஓனோரினா. அந்த அம்மாள் சீட்டைப் பிடிக்கும்போது கோழி கழுத்தைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்தாள். அவள் ஒரு தடவை "கட்டறேன்" என்றால் எலாதியோவுக்கு வேர்த்தது. கடலை எல்லாம் அந்தப் பக்கம் போய்க் குவிந்தது. முதல் ஆட்டம் பெண்களுக்கு.

"அக்கா, நீங்க இவ்வளவு நல்லா ஆடுவீங்கன்னு எனக்குத் தெரியாது," என்றாள் காசில்தா. அவள் முகத்தில் சந்தோஷத்தைவிடக் கவலைதான் அதிகம் தெரிந்தது. பால்தோமேரோ அதைப் பார்க்கவில்லை. அவர் எலாதியோவை முறைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என்ன இது? உங்களை அடிக்க ஆளில்லன்னாங்க!"

"வெளியில ஆளில்ல தம்பி," என்றார் எலாதியோ மெதுவாக. "வீட்டுக்குள்ள கேக்கறியா நீ?"

இரண்டாவது ஆட்டத்தில் காற்று திசை மாறியது. காசில்தாவின் சைகைகளை பால்தோமேரோ கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. அவள் நாக்கை நீட்டினால் வைத்தியரிடம் காட்டுகிற மாதிரி நீட்டினாள். கண்ணை மூடினால் ஜெபம் சொல்லி முடிக்கிற அளவுக்கு மூடினாள். சாலையில் சிக்னல் போடுகிற லாரிகூட இவ்வளவு பொறுப்பாகப் போடாது.

"ஏம்மா, கொஞ்சம் மறைச்சுக் காட்டு!" என்று கத்தினாள் ஓனோரினா.

"மறைச்சா உங்களுக்குத் தெரியாதேக்கா!"

பால்தோமேரோ கிறுக்குப் பிடித்தவர் மாதிரி ஆடினார். அவள் கண்ணை மூடினால் பந்தயத்தை ஏற்றினார். நாக்கை நீட்டினால் அடக்கி வாசித்தார். இரண்டாவது ஆட்டம் ஆண்களுக்கு. எழுந்து நின்று கணப்பில் ஒரு கட்டையைத் தூக்கிப் போட்டார். அந்த வீட்டுக்கே அவர்தான் சொந்தக்காரர் போல இருந்தது. ஓனோரினா ஒன்றும் சொல்லவில்லை என்பதிலிருந்தே அவர் எவ்வளவு உயரத்தில் நின்றார் என்று தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது ஆட்டம். ஓனோரினா தன் ஒருத்தியின் தெம்பில் வண்டியை இழுத்தாள். கடலை ஒன்று இங்கே, ஒன்று அங்கே. கடைசியில் பெண்கள் பக்கம் ஜெயிக்க இன்னும் ஒரு கை போதும் என்ற நிலை. பால்தோமேரோவின் மூக்கில் காலிஃபிளவர் வாசனை ஏறத் தொடங்கிவிட்டது. சத்தியமாக ஏறியது, ஜன்னலைக்கூடத் திரும்பிப் பார்த்தார்.

சீட்டைப் பிரித்தார்கள். எல்லோருமே மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். காசில்தா தன் சீட்டை வெகுநேரம் பார்த்தாள். விரலால் ஒன்றைத் தொட்டாள், விட்டாள், மறுபடி தொட்டாள். பிறகு இரண்டைக் கவிழ்த்துப் போட்டு வேறு இரண்டு வாங்கினாள். வாங்கியதும் கண்ணை இறுக்கி மூடினாள். தூங்கிவிட்டாளோ என்று பால்தோமேரோவுக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

அப்புறம் தானும் சீட்டை மாற்றி வாங்கிக்கொண்டு பார்த்தார். ஒரு ராஜா. பக்கத்தில் இன்னொரு ராஜா. அதற்குப் பக்கத்தில்... கடவுளே! மூன்று ராஜாக்கள் கிரீடமும் தாடியுமாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உதட்டைக் கடித்தார். ரத்தம் வராத குறை. எதிரே எலாதியோவின் கண் விரிந்தது.

பால்தோமேரோ எழுந்து நின்றார். மேஜையில் ஓங்கி அறைந்தார்.

"ஓர்தாகோ!"

இந்த ஒரு சொல்லுக்கு மேல் மூஸில் சொல் கிடையாது. மொத்த ஆட்டமும் இந்த ஒரே கையில். எதிராளி விலகினால் ஒரு கடலையோடு போகும். ஏற்றால் அங்கேயே சீட்டைத் திருப்பிக் காட்ட வேண்டும், பெரிசு வைத்திருப்பவருக்கு எல்லாம்.

"வேணாம், விட்டுடு," என்றாள் ஓனோரினா உடனே. "ஒரு கடலை போனாப் போகுது. அடுத்த கையில இவங்களைத் தோலை உரிச்சுடறேன்."

காசில்தா கண்ணைத் திறந்தாள். கணவனைப் பார்த்தாள். நின்றுகொண்டிருந்த அந்த மனிதரை ஏதோ நினைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"ஏத்துக்கறேன்."

"ஐயோ!" என்றாள் ஓனோரினா.

சீட்டுகள் திரும்பின. இந்தப் பக்கம் மூன்று ராஜாக்கள். அந்தப் பக்கம் காசில்தாவின் கையில் நாலு, அஞ்சு, ஆறு, ஏழு. பள்ளிக்கூடப் பிள்ளை எண்ணிப் பழகுகிற மாதிரி வரிசையாக.

பால்தோமேரோ போட்ட கூச்சலில் பூனை அலமாரி மேலே ஏறிவிட்டது. எலாதியோவைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். கணப்பைச் சுற்றி ஒரு ஆட்டம் ஆடினார். "ஆட்டுக்குட்டி! என் வீடு! என் அடுப்பு!" என்றார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இத்தனை வருஷத் தவம் அல்லவா!

ஓனோரினாவுக்கு ஆறவில்லை. காசில்தா கவிழ்த்துப்போட்ட இரண்டு சீட்டையும் திருப்பிப் பார்த்தாள். ஒன்று ராஜா. நாலாவது ராஜா.

"ராஜாவைப் போட்டுட்டு ரெண்டும் கெட்டான் சீட்டை வாங்கியிருக்கா! கைக்குழந்தைகூட ராஜாவை எறியாதே!"

"ராஜாவை எறிஞ்சுட்டா!" பால்தோமேரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பார்த்தீங்களா அண்ணே? ராஜாவையே எறிஞ்சுட்டா! போகட்டும் கண்ணு, அடுத்த தடவை சொல்லித்தர்றேன்."

ஓனோரினா மட்டும் சிரிக்கவில்லை. காசில்தாவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, எழுந்து போய் சீமை மாதுளைப் பாகும் பாலாடைக்கட்டியும் எடுத்துவந்து பெரிய துண்டாக வெட்டி காசில்தாவின் தட்டில் வைத்தாள். மற்றவர்களுக்கு அதில் பாதிதான்.

"போன் பண்றேன்னு சொன்னீங்களே?" என்றாள் காசில்தா, துண்டை மென்றுகொண்டே.

"பண்ணாம விடுவேனா?"

அந்த வீட்டில் போனுக்குச் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று. ஜன்னலோர பெஞ்சின் மேல் ஏறி நிற்க வேண்டும். பால்தோமேரோ ஏறி நின்றார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார். கீழே மூன்று பேர் அண்ணாந்து பார்த்தார்கள். ஊர்ச் சதுக்கத்தில் வைத்த சிலைக்குக்கூட அவ்வளவு கம்பீரம் இருக்காது.

"அத்தை! பால்தோமேரோ பேசறேன். இந்த வருஷம் விருந்து எங்க வீட்டுல. ஆட்டுக்குட்டி. என் கையால வாட்டப்போறேன். நீங்க வந்து உட்கார்ந்து சாப்பிட்டாப் போதும்!"

குண்டு விழப்போகிறது என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"சரி மாப்பிள்ளே," என்றார் எவ்லாலியா அம்மாள்.

சரியா! சண்டை இல்லை, சாபம் இல்லை, வெறும் சரி! பால்தோமேரோவின் நெஞ்சு விரிந்தது. ஜெயித்தவனுக்குத் தாராளம் தானாக வரும். கஸ்தீய மண்ணில் பிறந்தவர்கள் எல்லோரும் எல்லோரிடமும் சொல்கிற அந்த மரியாதை வார்த்தை அவர் வாயில் தானாக வந்தது.

"எங்க வீடு உங்க வீடு மாதிரி அத்தை. எப்ப வேணா வாங்க. எத்தனை நாள் வேணா இருங்க."

இதை அங்கே கேஸ் சிலிண்டர் போடுகிறவரிடமும் சொல்வார்கள். கேட்டவர் "ரொம்ப நன்றி" என்பார், போய்விடுவார். இதுவரை யாரும் பெட்டியோடு வந்து நின்றதாகத் தகவல் இல்லை.

"நெசமாத்தான் சொல்றீங்களா மாப்பிள்ளே?"

இந்த இடத்தில் அவர் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் கீழே எலாதியோ, ஓனோரினா, இரண்டு சாட்சிகள். கையில் இன்னும் மூன்று ராஜாக்கள் வேறு.

"புர்கோஸ்காரன் வார்த்தை அத்தை, ஒண்ணுதான்!"

"ரொம்ப சந்தோஷம். அப்ப செவ்வாய்க்கிழமை பஸ்ல வந்துடறேன். பெட்டியெல்லாம் கட்டியாச்சு."

சிக்னல் போய்விட்டது. பெஞ்சிலேயே உட்கார்ந்தார்.

"செவ்வாய்க்கிழமையா? விருந்து டிசம்பர்லதானே காசில்தா? இது என்ன, நவம்பர்கூட சரியாப் பொறக்கல!"

காசில்தா தட்டைத் தள்ளி வைத்தாள். "போன மாச மழையில அம்மா வீட்டு சமையலறைக் கூரை இறங்கிடுச்சுங்க. அடுப்பு மேலேயே. நல்லவேளை அம்மா மாவு வாங்கப் போயிருந்தாங்க. அக்கம்பக்கத்துல சாப்பிட்டுக்கிட்டு, குடைபிடிச்சு காப்பி போட்டுக்கிட்டு இருக்காங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

பால்தோமேரோ யோசித்தார். உன் அண்ணன் வீட்டுக்குப் போகச் சொல்லு என்றுதான் சொல்லியிருப்பார். நாலு நல்ல ஹோட்டல் பெயரும் சொல்லியிருப்பார்.

"நான் கூப்பிட்டுப் பார்த்துட்டேன்," என்றாள். இப்போது அவள் குரலில் விளையாட்டு இல்லை. "வரமாட்டேன்னுட்டாங்க. 'மக கூப்பிட்டு, மருமகன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிற வீட்டுல எனக்கு ஒரு வாய் இறங்காது. அவரே கூப்பிட்டா வர்றேன்'னாங்க. அவங்க கேட்டு வர்ற ஆளில்லைங்க. மழை பெய்யற ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல. இன்னிக்கு நீங்க பெஞ்சு மேல ஏறி நின்னு கூப்பிட்டீங்க பாருங்க, இனி எனக்கு நிம்மதி."

ஓனோரினா மூக்கை உறிஞ்சினாள். பால்தோமேரோவுக்கும் மனசு இளகியது. குடைபிடித்துக் காப்பி போடுகிற கிழவியை நினைத்தால் யாருக்குத்தான் இளகாது? மனைவியின் கையைத் தட்டிக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப எப்ப திரும்பிப் போவாங்க?"

"கொத்தனார் வேலையை முடிச்சதும்."

"எந்த ஊர்க் கொத்தனார்?" என்று கேட்டார் எலாதியோ.

"அராந்தாக்காரர்தான். எங்க சித்தப்பா மகன்."

எலாதியோ சாவு வீட்டில் நிற்பவர் மாதிரி தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும்!" பால்தோமேரோ எழுந்தார். விழுந்த கோட்டையில் இன்னும் ஒரு சுவர் நின்றது. "ஆனா விருந்து என் வீட்டுலதான், ஆட்டுக்குட்டிதான். பேச்சு பேச்சுதான்! நான் ஜெயிச்சிருக்கேன்!"

"யாரு இல்லன்னா? ஜெயிச்சது நீங்கதானே."

அந்த 'நீங்கதானே'யில் என்னமோ இருந்தது. பால்தோமேரோ மெதுவாகத் திரும்பி மேஜையைப் பார்த்தார். மேஜையில் நாலாவது ராஜா மல்லாந்து கிடந்தார்.

"காசில்தா... அந்த ராஜாவை நீ தெரியாமத்தானே எறிஞ்சே?"

"பொய்ச் சைகை காட்டக்கூடாதுன்னீங்களே. கண்ணை மூடணும்னா கையில ஒண்ணும் இருக்கக்கூடாதுல்ல? அதான் முதல்ல ராஜாவைத் தூக்கிப் போட்டேன். அப்புறமாத்தான் மூடினேன். ஆட்டத்துல நான் பொய்யே சொல்லலைங்க."

ஓனோரினா மேஜையில் தலையைச் சாய்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எலாதியோ ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தார். அவர் தோளும் குலுங்கியது.

"இது செல்லாது!" என்று கத்தினார் பால்தோமேரோ. "இன்னொரு ஆட்டம்! இப்பவே! ஒழுங்கான ஆட்டம்!"

காசில்தா சீட்டுக்கட்டை எடுத்தாள். அவள் விரலுக்கிடையில் சீட்டுகள் ஓடை மாதிரி சலசலவென்று ஓடிப் பிரிந்து சேர்ந்தன. ஒன்றுகூடக் கீழே விழவில்லை. கட்டை அவர் முன்னால் வைத்து நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆடலாமே. இந்தத் தடவை நான் ஜெயிக்கணுமா, தோக்கணுமான்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க."